எட்டாவது சீசனும் பத்து மாதக் கணக்கும்

மோனிகாவின் கல்யாணம் நடக்கும் ஓட்டலின் கழிப்பறையில் மூன்று தோழிகள் நிற்கிறார்கள். கர்ப்பமா இல்லையா என்று காட்டும் குச்சியைப் பார்க்கத் துணிவில்லாமல் ரேச்சல் திரும்பிக்கொள்கிறாள். ஃபீபி பார்த்துவிட்டு 'இல்லை' என்கிறாள். நல்லதாப் போச்சு, கையில் காசும் இல்லை, இப்போது இதற்கெல்லாம் நான் தயாராகவும் இல்லை என்று ரேச்சல் சொல்லிக்கொண்டே வருகிறாள். பாதியில் குரல் உடைகிறது. கையில் இல்லாத ஒன்றை இழந்ததற்கு ஏன் அழுகிறேன் என்று அவளுக்கே புரியவில்லை. அப்போது ஃபீபி சொல்கிறாள்: நான் பொய் சொன்னேன், குழந்தை உண்டு. இப்போ உன் மனசுல என்ன இருக்குன்னு உனக்கே தெரிஞ்சிடுச்சு இல்லையா?

திருமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அக்காதான் ஒவ்வொரு வரியையும் சொல்லிக்கொண்டிருந்தாள். "கெட்டிக்காரி. அவ மனச அவளுக்கே எடுத்துக் காட்டிட்டா பாரு" என்றார் அம்மா. அப்புறம் ஒரு கேள்வி: "ஏண்டி, அந்தப் புள்ளைக்கு ஆத்தா எங்க? மாசமா இருக்கிறவள கூட்டாளிகதான் பார்த்துக்கணுமா?"

நியூயார்க்கில் வாழும் ஆறு நண்பர்களைப் பற்றிய அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஃப்ரெண்ட்ஸ். அதன் எட்டாவது சீசனின் முதல் எபிசோட் அது. அக்காவுக்கு வளைகாப்பு முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்திருந்த நாட்கள். டாக்டர் அதிகம் அலையக் கூடாது என்று சொல்லியிருந்தார். சாயங்காலம் இரண்டு எபிசோட் என்று வைத்துக்கொண்டு அந்த சீசன் முழுவதையும் மூன்று பேரும் பார்த்தோம். பார்க்கப் பார்க்க, ஒரு தொடரின் பிற்காலச் சீசனை நான் இத்தனை நாள் தவறாகவே எடை போட்டிருக்கிறேன் என்று தோன்றியது. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதல் தடவை இதைப் பார்த்தது காலேஜ் ஹாஸ்டலில். ப்ளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த லேப்டாப், சீனியர் அக்கா ஒருத்தியின் ஹார்டு டிஸ்க். 2012, 13 மின்வெட்டுக் காலம் அது. கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு, போனதும் கட்டிலில் நாலு பேர் ஒட்டி உட்காருவோம். ஒரு எபிசோட் 22 நிமிடம். பேட்டரி அணைவதற்குள் ஆறு, ஏழு பார்க்கலாம். எங்களில் பாதிப் பேர் இங்கிலீஷில் தைரியமாகப் பேசப் பழகியது அந்தக் கட்டிலில்தான். ஹார்டு டிஸ்க் கொடுத்த அக்கா சொன்ன அறிவுரை ஒன்று உண்டு: "மோனிகா கல்யாணத்தோட நிறுத்திக்கோங்க. அதுக்கு மேல இழுவை." அதாவது ஏழு சீசன் போதும். நாங்களும் எட்டு, ஒன்பது, பத்தை ஓட்டி ஓட்டித்தான் பார்த்தோம். அந்த ஹாஸ்டல் தீர்ப்பையே பத்து வருடம் என் தீர்ப்பாக வைத்திருந்தேன்.

அந்தத் தீர்ப்பு ஒரு ஹாஸ்டல் அறையில் மட்டும் பிறந்ததல்ல. நீண்ட நாள் ஓடும் எல்லா சிட்காமுக்கும் இதே பேச்சு வரும். அதற்குக் காரணம் சிட்காம் கட்டப்படும் விதத்திலேயே இருக்கிறது.

சிட்காம் என்றால் சூழலிலிருந்து பிறக்கும் நகைச்சுவை. சூழல் மாறாது, அதற்குள் மாட்டிக்கொண்ட ஆட்கள் படும் பாடுதான் கதை. ஒரு வீடு, ஒரு காபிக் கடை, ஒரு சோபா. 22 நிமிடத்துக்குள் ஒரு சிக்கல் வரும், முற்றும், அவிழும். கடைசியில் எல்லாரும் அதே சோபாவில் அதே இடத்தில் இருப்பார்கள். இதற்குப் பின்னால் பணக் கணக்கும் உண்டு. அமெரிக்காவில் ஒரு தொடர் 100 எபிசோட் அளவுக்குச் சேர்ந்துவிட்டால் அதை ஊர் ஊராக இருக்கும் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்கு விற்பார்கள். அந்தக் காலத்தில் பெரிய லாபம் அங்கேதான். அங்கே தினம் ஒன்று ஓடும். இன்றைக்குப் பார்ப்பவர் நேற்றையதைப் பார்த்திருக்க மாட்டார். எனவே எந்த எபிசோடை எடுத்தாலும் தனியாகப் புரிய வேண்டும், ஆட்கள் அவரவர் குணத்தோடு அப்படியே இருக்க வேண்டும். ஃப்ரெண்ட்ஸில் சாண்ட்லர் கிண்டல் செய்வான், மோனிகா துடைத்துக்கொண்டே இருப்பாள், ஜோயி சாப்பிடுவான்.

முதல் மூன்று, நாலு சீசனுக்கு இதுவே பலம். ஒரு ஆளைப் புதிதாகத் தெரிந்துகொள்ளும் சந்தோஷம் அதில் இருக்கும். ஐந்தாவது வருடம் வரும்போது யார் என்ன சொல்வார் என்று நாம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். எழுதுபவர்களுக்கு அப்போது இரண்டு வழிதான் தெரியும். ஒன்று, இருக்கும் குணத்தையே ஊதிப் பெரிதாக்குவது: கொஞ்சம் மந்தமானவன் முழு முட்டாளாவான், கொஞ்சம் சுத்தம் பார்ப்பவள் பைத்தியக்காரத்தனமாகத் துடைப்பாள். இன்னொன்று, அதிர்ச்சியாக எதையாவது கொண்டுவருவது.

இந்த இரண்டாவதற்கு அமெரிக்காவில் ஒரு சொலவடையே இருக்கிறது. ஹேப்பி டேஸ் என்ற தொடரின் ஐந்தாவது சீசனில், 1977 செப்டம்பர் 20 அன்று வந்த எபிசோடில், ஃபான்ஸி என்ற நாயகன் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டே கடலில் தண்ணீர்ச் சறுக்கு விட்டு ஒரு சுறாவைத் தாண்டுவான். ஒரு தொடர் சரியத் தொடங்கும் இடத்தை 'சுறாவைத் தாண்டிய இடம்' என்று சொல்லும் வழக்கம் அதிலிருந்து வந்தது. 1997ல் ஜான் ஹைன் என்பவர் இதற்கென்றே ஒரு இணையதளம் தொடங்கியபின் அது எங்கும் பரவிவிட்டது. ஆனால் சுறாவைத் தாண்டிய அந்தத் தொடர் அதற்கப்புறமும் 1984 வரை ஓடியது. சியர்ஸ் என்ற தொடரிலோ ஐந்து சீசன் முடிந்ததும், 1987ல், நாயகி ஷெல்லி லாங் விலகிவிட்டார். இனி அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார்கள். கிர்ஸ்டி ஆலி வந்தார், தொடர் இன்னும் ஆறு சீசன் போனது, 1990-91ல் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பார்த்த தொடராகவும் ஆனது. ஆக, பிற்காலச் சீசன் என்றாலே இறங்குமுகம் என்பது உண்மையில்லை. எதைக் கொண்டு அந்தச் சீசனை ஓட்டுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஃப்ரெண்ட்ஸ் 1994 செப்டம்பர் 22 அன்று என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி 2004 மே 6ல் முடிந்தது. பத்து சீசன், 236 எபிசோட். டேவிட் கிரேன், மார்டா காஃப்மன் இருவரும் உருவாக்கியது. முதல் பாதியை இழுத்துச் சென்றது ராஸ், ரேச்சல் காதல். அது தேய்ந்தபோது நாலாவது சீசன் முடிவில் மோனிகாவையும் சாண்ட்லரையும் சேர்த்து வைத்தார்கள். ஐந்து, ஆறு, ஏழு மூன்று சீசனும் அந்த ஜோடியின் மேல் நின்றன. ஏழாவதன் முடிவில் கல்யாணமும் ஆகிவிட்டது. இனி ஓட்ட என்ன மிச்சம்? அதே நேரத்தில் போட்டித் தொலைக்காட்சியான சிபிஎஸ், சர்வைவர் என்ற நிகழ்ச்சியை 2001 பிப்ரவரியில் அதே வியாழக்கிழமை எட்டு மணிக்குக் கொண்டுவந்து எதிரே நிறுத்தியிருந்தது. என்பிசி பயந்துபோய் ஃப்ரெண்ட்ஸின் சில எபிசோடுகளை 40 நிமிடத்துக்கு நீட்டியது. அந்த நிலையில் எட்டாவது சீசன் வந்தது. அந்த வருடம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பத்து சீசனில் முதலிடம் வந்தது அந்த ஒரு வருடம்தான். சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருதை 2002ல் வாங்கியதும் அந்தச் சீசன்தான். ரேச்சலாக நடித்த ஜெனிஃபர் ஆனிஸ்டனுக்கும் அதே வருடம் எம்மி கிடைத்தது.

எப்படி? என் பதில் இது: எட்டாவது சீசன் தனக்குள் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டது. வயிற்றில் ஒரு பிள்ளை. வாராவாரம் பழைய நிலைக்கே திரும்ப வேண்டிய ஒரு தொடரில், திரும்பவே முடியாத ஒன்று. சண்டை வந்தால் சமாதானம் ஆகலாம், வேலை போனால் வேறு வேலை கிடைக்கலாம், காதலர்கள் பிரிந்து சேரலாம். வயிறு மட்டும் அடுத்த வாரம் சின்னதாகாது. அதனால் அதே பழைய ஆட்கள், அதே சோபா, அதே கிண்டல் எல்லாவற்றுக்கும் புதிதாக ஒரு கனம் வந்துவிடுகிறது. ராஸும் ரேச்சலும் சண்டை போடுவதை நூறு தடவை பார்த்துவிட்டோம். ஆனால் இந்தத் தடவை அந்தச் சண்டைக்கு ஒரு நாள் குறித்திருக்கிறது. அதற்குள் இவர்கள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

இதில் இன்னொரு புத்திசாலித்தனம், பிள்ளையைக் கொண்டுவந்துவிட்டுக் கல்யாணத்தைக் கொண்டுவராதது. அப்பா ராஸ்தான் என்று இரண்டாவது எபிசோடில், ஒரு சிவப்பு ஸ்வெட்டரை வைத்து, தெரிந்துவிடுகிறது. எந்தக் குடும்பக் கதையானாலும் அங்கேயே தாலி கட்டச் சொல்லியிருப்பார்கள். இங்கே ரேச்சல் வேண்டாம் என்கிறாள். பிள்ளையைச் சேர்ந்து வளர்ப்போம், கல்யாணம் வேறு விஷயம் என்கிறாள். அம்மாவுக்கு இது தொண்டையில் இறங்கவில்லை. அதைப் பற்றி அக்காவும் அம்மாவும் இரண்டு நாள் பேசினார்கள். அக்கா ரேச்சல் பக்கம், அம்மா ராஸ் பக்கம். என்ன சொன்னாலும், 24 எபிசோடையும் தாங்கும் கேள்வி அந்த மறுப்பிலிருந்துதான் கிடைத்தது.

கடிகாரம் சரியாக ஓடியதா என்றால், இல்லை. அதைக் கண்டுபிடித்ததும் அம்மாதான். மோனிகா கல்யாணம் மே மாதம், அப்போதே குச்சி 'உண்டு' என்று காட்டிவிட்டது. நவம்பர் மாத நன்றித் திருநாள் விருந்து வருகிறது, கிறிஸ்துமஸ் வருகிறது, பிள்ளை பிறக்கிற பாடாக இல்லை. அம்மா விரலை மடக்கி மடக்கி எண்ணினார். "வைகாசியில உண்டானவளுக்கு மறு வைகாசியில பிரசவமா? பத்து மாசம் எப்பவோ தாண்டிருச்சேடி!" சரியான கணக்கு. ஏழாவது சீசனின் கடைசி எபிசோட் 2001 மே 17ல் வந்தது. பிள்ளை பிறக்கும் எபிசோட் 2002 மே 16ல். முழுதாக ஒரு வருடம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் வருடம் செப்டம்பரில் தொடங்கி மே மாதம் முடிகிறது. நவம்பர், பிப்ரவரி, மே மாதங்களில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கூர்ந்து அளந்து அதை வைத்து விளம்பரக் கட்டணம் பேசுவார்கள். அதனால் கல்யாணம், பிரசவம் எல்லாம் மே மாதத்துக்குத் தள்ளப்படும். அந்தச் சீசனில் ஹாலிவுட் நட்சத்திரம் பிராட் பிட் விருந்தாளியாக வந்த எபிசோட் நவம்பரில் வந்ததும் தற்செயல் இல்லை. ரேச்சலின் வயிற்றுப் பிள்ளை, டாக்டர் சொன்ன தேதிக்குப் பதிலாக விளம்பரக்காரர் தேதிக்குப் பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சீசனின் உயிர் எங்கே என்று கேட்டால் நான் ஜோயியைக் காட்டுவேன். எட்டு வருடம் கூட்டத்திலேயே லேசான ஆள் அவன். பெண்களைப் பார்த்தால் ஒரு வரி, சாப்பாட்டைப் பார்த்தால் ஒரு வரி, விஷயம் புரியாமல் ஒரு முழி. ரேச்சல் அவனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். வயிற்றுப் பிள்ளை முதல் தடவை உதைக்கும்போது பக்கத்தில் இருந்தவன் அவன்தான். அப்பாவான ராஸ் இல்லை. ஒரு ராத்திரி சும்மா விளையாட்டாக இருவரும் வெளியே சாப்பிடப் போய் வருகிறார்கள். அதற்கப்புறம் இவனுக்குள் ஏதோ நடந்துவிடுகிறது. நண்பனின் பிள்ளையைச் சுமக்கும் பெண் மேல் காதல். முதலில் ராஸிடம் சொல்கிறான். ராஸ் நொறுங்கிப் போகிறான், பிறகு திரும்பி வந்து அவளிடம் பேசு என்கிறான்.

பதினாறாவது எபிசோடில் ஓட்டலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அவன் சொல்கிற இடத்தைக் கவனித்துப் பாருங்கள். அவன் சொன்னதும் ரேச்சல், யாரிடம் பேசுகிறாய் என்பதுபோல் விழிக்கிறாள். பிறகு சிரிக்கிறாள். வேடிக்கை என்று நினைக்கிறாள். எட்டு வருடமாக அவன் சொன்ன எல்லாமே வேடிக்கைதானே. வேடிக்கை இல்லை என்று அவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்போது அவள் சிரிப்பு மெதுவாக அடங்குகிறது. கூடவே படப்பிடிப்பைப் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் சிரிப்பும் அடங்குகிறது.

அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் பலர் அந்தச் சிரிப்பொலியை ஒட்டவைத்த சிரிப்பு என்று நினைக்கிறார்கள். படத்தொகுப்பில் சரிக்கட்டுவார்கள்தான். ஆனால் அடிப்படையில் அது உண்மையான ஜனங்கள் சிரித்தது. கலிபோர்னியாவில் பர்பாங்கில் உள்ள வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவில் 300 பேரை உட்காரவைத்து அவர்கள் முன்னால் நாடகம் போல நடித்தார்கள். கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு எபிசோடை எடுக்க ஆறு மணி நேரம் வரை ஆகும். கூட்டம் ஒரு வரிக்குச் சிரிக்கவில்லை என்றால் எழுத்தாளர்கள் அங்கேயே கூடிப் பேசி வேறு வரி எழுதித் தருவார்கள், திரும்ப நடிப்பார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு உசிலம்பட்டிப் பக்கம் பாட்டி ஊரில் பார்த்த ஸ்பெஷல் நாடகம்தான் கண்ணில் வந்தது. கோயில் திருவிழா ராத்திரி, விடிய விடிய வள்ளி திருமணம். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. ஆளுக்கு ஆள் பாடம் தெரியும், பாட்டு தெரியும். மதுரையில் 1918ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்திய சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாடம் அது. அவர் 1922ல் மறைந்தார். இன்றைக்கும் அதே வள்ளி, அதே நாரதர். முருகன் கடைசியில் வள்ளியைக் கட்டிக்கொள்வான் என்பது தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்புறம் ஏன் ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிறார்கள்? தர்க்கத்துக்காக. நாரதரும் வள்ளியும் ஒருத்தரை ஒருத்தர் மடக்குவதைக் கேட்க. முடிவு தெரிந்திருப்பதால் போகிற வழியை நிதானமாக ரசிக்க முடிகிறது.

நான் பார்த்த ஒரு வருடம் பபூன் வேஷக்காரர் முதல் கட்டத்தில் கூட்டத்தை உருட்டிப் புரட்டிவிட்டார். பிறகு நடுவில் தன்னைப் பெற்றவளைப் பற்றி ஒரு பாட்டு எடுத்தார். முதல் அடிக்கு எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது அடிக்கும் சிலர் சிரித்தார்கள். ஹார்மோனியக்காரர் சுதியை இறக்கினார். மூன்றாவது அடியில் சத்தமே இல்லை. பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கவைக்கிறவன் அழவைத்தால் தாங்காது, அவனுக்கு எதிரே நாம் எந்தக் காப்பும் வைத்துக்கொள்வதில்லை. ஓட்டல் மேஜையில் ஜோயியாக நடித்த மேட் லெபிளாங்க் செய்தது அதுதான். அந்த நடிப்புக்கு எட்டு வருடம் கோமாளியாக இருந்ததுதான் முதலீடு. முதல் சீசனில் இந்தக் காட்சியை வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பிற்காலச் சீசனால் மட்டுமே செய்ய முடிந்த ஒன்று இது. ஹாஸ்டலில் வேகமாக ஓட்டியபோது நான் தவறவிட்டது இதைத்தான்.

ஆறு பேரும் எட்டு வருடம் கழித்தும் ஒன்றாக இருந்ததால்தான் இது நடந்தது. அதற்கும் காரணம் உண்டு. மூன்றாவது சீசனிலிருந்து அவர்கள் சம்பளத்தைத் தனித்தனியாகப் பேசாமல் ஆறு பேரும் சேர்ந்து பேசினார்கள், எல்லாருக்கும் ஒரே தொகை என்று. முதல் சீசனில் ஒரு எபிசோடுக்கு ஆளுக்குச் சுமார் 22,500 டாலர். ஏழு, எட்டாவது சீசனில் 7,50,000 டாலர். கடைசி இரண்டு சீசனில் 10 லட்சம் டாலர். மற்றத் தொடர்களில் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு விலக, கதை திசை மாறும். இங்கே அது நடக்கவில்லை. அந்த ஒற்றுமையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. தொழிலாளி சேர்ந்து நின்று கூலி பேசுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் நடிப்புத் தொழிலில் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சீசன் வந்த நேரத்தையும் மறந்துவிட முடியாது. முதல் எபிசோட் ஒளிபரப்பானது 2001 செப்டம்பர் 27. இரட்டைக் கோபுரங்கள் விழுந்து 16 நாள். கதை நடக்கும் ஊரோ நியூயார்க். முதல் எபிசோடை அந்த நகர மக்களுக்கு அர்ப்பணித்தார்கள். மூன்றாவது எபிசோடில் தேனிலவுக்குப் போகும் சாண்ட்லர் விமான நிலையத்தில் வெடிகுண்டு பற்றி வேடிக்கை பேசி மாட்டிக்கொள்வதாக எடுத்து வைத்திருந்தார்கள். செப்டம்பர் 11க்குப் பிறகு அதைத் தூக்கிவிட்டு வேறு கதை எடுத்தார்கள்: வரிசையில் முன்னால் நிற்கும் இன்னொரு புது ஜோடிக்கே எல்லாச் சலுகையும் போய்விடும், மோனிகா பொருமுவாள். இப்போது பார்த்தால் அந்தப் பகுதி கொஞ்சம் ஒட்டுப் போட்டது போலத்தான் இருக்கிறது. ஆனாலும் எடுத்ததை எடுத்தபடி விடாமல் மாற்றியது சரி. பயந்துபோயிருந்த ஜனங்கள் தெரிந்த முகங்களைத் தேடிப் போனார்கள், அதனால்தான் முதலிடம் என்று சொல்வார்கள். அது காரணத்தில் பாதி. சோகத்தில் இருப்பவர்கள் முதல் இரண்டு வாரம் வருவார்கள். மே மாதம் வரை உட்காரவைத்தது அந்தப் பிள்ளைதான்.

குறைகளும் உண்டு. மோனிகாவுக்கும் சாண்ட்லருக்கும் கல்யாணத்துக்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. விலை உயர்ந்த பூட்ஸ், குளியல் தொட்டி, பூட்டி வைத்த அலமாரி என்று வாரம் ஒரு சில்லறைச் சண்டை. ராஸுக்கு மோனா என்று ஒரு காதலியைக் கொண்டுவந்தார்கள். பாவம், அந்தப் பெண் வந்ததே போவதற்குத்தான். பத்தொன்பதாவது எபிசோட், ஜோயி ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுப்பதாகச் சொல்லி பழைய காட்சிகளை வெட்டி ஒட்டியது. சம்பளம் அவ்வளவு ஏறிய தொடரில் செலவைக் குறைக்க இப்படிச் செய்வது வழக்கம். நாங்கள் அதைத் தாண்டிப் போனோம். கடைசிக் காட்சியில் ராஸின் கோட்டிலிருந்து விழுந்த மோதிரத்தை ஜோயி மண்டியிட்டு எடுக்க, கட்டிலில் கிடக்கும் ரேச்சல் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறான் என்று நினைத்துச் சம்மதம் சொல்லும் திருப்பம் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நேர்மையாகக் கொண்டுபோன ஒரு மனக்கஷ்டத்தை அடுத்த சீசனுக்கு ஆள் பிடிக்கும் கொக்கியாக ஆக்கிவிட்டார்கள்.

இருபதாவது எபிசோட் ரேச்சலுக்கு நடக்கும் வளைகாப்பு. வளையலும் சந்தனமும் இல்லை, பரிசுப் பொட்டலங்கள்தான். அவள் அம்மாவை அழைக்க மோனிகா மறந்துவிட்டாள். வந்து சேர்ந்த அம்மா, பிள்ளை வளர்ப்பு பற்றி இவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று பார்த்துவிட்டு, எட்டு வாரம் கூட இருக்கிறேன் என்கிறாள். எங்கள் அம்மா முதல் நாள் கேட்ட கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. "வந்துட்டாளா! இப்பதான் எனக்கு நிம்மதி" என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் எபிசோட் முடிவதற்குள் ரேச்சல், நானே பார்த்துக்கொள்வேன் என்று தன் அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். எங்கள் கூடம் அமைதியாகிவிட்டது. அக்கா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "சொல்லட்டும். அப்படிச் சொல்ற தைரியம் வந்தாத்தான் பிள்ளை வளர்க்க முடியும்" என்றார். பிறகு எழுந்து போய்ப் பால் காய்ச்சினார்.

கடைசி இரண்டு எபிசோடை அப்போது பார்க்க முடியவில்லை. அதற்குள் ஒரு ராத்திரி அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. பதினைந்து நாள் கழித்து, கூடத்து விட்டத்தில் சேலைத் தூளி கட்டி அதில் பையன் தூங்கும்போது, சத்தத்தை அநேகமாக முழுதும் குறைத்து வைத்துப் பார்த்தோம். ரேச்சலுக்கு வலி எடுத்துக் கிடக்கிறாள், அதே அறைக்கு வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பெற்றுக்கொண்டு போகிறார்கள், இவளுக்கு மட்டும் ஆகவில்லை. பேச்சு எழுத்தில் ஓடியது. சிரிப்பொலி காதில் விழவில்லை. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது: ஒவ்வொரு வரிக்கும் அப்புறம் நடிகர்கள் அப்படியே நிற்கிறார்கள். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரு மூச்சு, சில சமயம் இரண்டு மூச்சு, யாரோ 300 பேர் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். குழந்தைக்குப் பேர் வைக்கும் இடம் வந்தது. பதினாலு வயதிலிருந்து தன் பிள்ளைக்கென்று மோனிகா பொத்தி வைத்திருந்த எம்மா என்ற பேரை ரேச்சலுக்குக் கொடுத்துவிடுகிறாள். அந்த இடத்தில் அவர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அக்கா ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே இன்னொரு தடவை அதைப் போடச் சொன்னாள்.